பூட்டு யாருக்கு?



ஏழாம் கற்பனை எதை விலக்குகிறதென்று ஞானோபதேசம் படித்த எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் கணிப்பொறி மென்பொருளை விலை கொடாமல் பிரதி எடுக்கிறவரைக் கேட்டால், "சுவாமி, நான் யாருடைய பொருளை எடுத்தேன்? அவனுடையது அவனிடமே இருக்கிறதே" என்பார். இது தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல.

துறைமுகத்தில் பாடுபடும் குடும்பங்களுக்கு இதன் பதில் எளிதில் விளங்கும். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலை உள்ளே கொண்டுவர பைலட் ஏறுகிறார். அவர் கப்பலில் ஒரு பண்டத்தையும் வைத்துவிட்டுப் போவதில்லை. அவருடைய அறிவும் அவரோடேயே இறங்கிப் போகிறது. அதற்காக அவருக்குரிய கட்டணம் வேண்டியதில்லை என்று எந்தக் கப்பல் தலைவனாவது சொல்வானா? மென்பொருளின் விலையும் தகட்டுக்கல்ல, உழைப்புக்கு. காசு கொடாமல் உபயோகிக்கிறவன் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாவிட்டாலும், கூலியைத் தடுத்து வைக்கிறான். கூலியை மறுப்பது எவ்வளவு பெரிய பாதகமென்று 13ம் சிங்கராயர் பாப்பரசர் 1891ல் தமது நிருபத்தில் எழுதியதை, தொழிலாளர் வாழும் இந்தப் பங்கில் நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் பிரசங்கங்களில் பேசுவது குறைவு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கலியாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் தயாரிக்கும் டி.டி.பி. கடைக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாளில் விற்ற தமிழ் எழுத்துரு மென்பொருட்கள் சிலவற்றோடு, 'லாக்' என்று ஒரு சிறு துண்டும் வரும். அதைக் கணிப்பொறியின் பின்னால், பிரிண்டர் மாட்டும் இடத்தில் செருகினால்தான் தமிழ் எழுத்து வரும். துண்டு பழுதானால் வேலை நின்றது. தொலைந்தால் முதலே போயிற்று. பிற்பாடு வந்த கணிப்பொறிகளில் அந்தச் செருகுமிடமே இல்லாமற்போயிற்று. காசு கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பூட்டை உடைத்த பிரதியைச் சொற்ப விலைக்கு வாங்கினவனுக்கோ துண்டும் வேண்டாம், தொல்லையும் வேண்டாம். திருடனுக்கென்று போட்ட பூட்டு யாரை வெளியே நிறுத்தியதென்று பாருங்கள்.

மேனாட்டிலும் இதே கதைதான். 2005ல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் தான் விற்ற இசைத்தகடுகள் பலவற்றில், பிரதி எடுப்பதைத் தடுக்கவென்று ஒரு மென்பொருளை வைத்தது. தகட்டைக் கணிப்பொறியில் போட்டவருக்குத் தெரியாமல் அது உள்ளே ஒளிந்துகொண்டது. அதன் மறைவில் தீய மென்பொருட்களும் ஒளிந்துகொள்ள இடமாயிற்று. கடைசியில் தகடுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாப்டின் சோதனைப் பொறிகளில் ஏற்பட்ட கோளாறினால், முறையாக வாங்கிய ஆயிரக்கணக்கானோரின் விண்டோஸ் 'போலி' என்று முத்திரை குத்தப்பட்டது.

பூட்டுப் போடுவது பாவமல்ல. நாமும் கோவில் உண்டியலுக்குப் பூட்டுப் போடுகிறோம். ஆனால் வீட்டை விற்றுவிட்டு, சாவியை மட்டும் தன் மடியில் முடிந்துகொண்டு போகிறவனை என்னவென்பது? பண்டத்தின் மறைவான குறை வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்குமானால், விற்கிறவன் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் கற்பிக்கிறார். குதிரை விற்கிறவனுக்கு உள்ள கடமை மென்பொருள் விற்கிறவனுக்கு இல்லாமற்போகாது.

அப்படியானால் அந்த டி.டி.பி. கடைக்காரர் தாம் விலை கொடுத்த மென்பொருளின் பூட்டை அகற்றிக்கொள்ளலாமா? முதலில் விற்றவரிடம் முறையிட வேண்டும். முறையிட்டும் பலனில்லாமல், தாம் வாங்கியதையே உபயோகிக்கும்படி அகற்றினால், அவர் களவு செய்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும், மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் அது அழிந்துபோகாதபடி காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடங்கொடுக்கிறது. 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனுக்கே 2 ஆண்டு வரை சிறை என்கிறது. எண்ணத்தைப் பார்க்கிற சட்டம், நல்ல சட்டந்தான்.

இதைப் படித்துவிட்டு, ஒரு காசும் கொடாதவர் தமக்கும் வழி பிறந்ததென்று மகிழ வேண்டாம். "நாங்கள் ஏழைகள், விலை அதிகம்" என்பார்கள். உயிர் போகும் அவசியத்தில் பிறர் அப்பத்தை எடுப்பது களவாகாது என்று அதே அர்ச். தோமாஸ் சொல்லுகிறார். போட்டோ திருத்தும் மென்பொருள் அப்பமல்ல. மேலும், தமிழ் எழுத்துருக்களும் மென்பொருட்களும் அடங்கிய தகட்டை மத்திய அரசு 2005ல் இலவசமாகவே வெளியிட்டது. கடிதம் எழுத, கணக்குப் பார்க்க லிப்ரெ ஆபீஸ் இருக்கிறது. யாரும் காசு கேட்பதில்லை, பூட்டும் இல்லை.

வாடிக்கைக்காரரின் கணிப்பொறியில் திருட்டுப் பிரதியை ஏற்றிக் கூலி வாங்குகிறவர்களுடைய காரியம் இன்னும் கனமானது. அவர்கள் தம் பாவத்தோடு பிறர் வீட்டையும் பங்காளியாக்குகிறார்கள். இனிமேல் செய்வதில்லையென்றால் போதாது, ஈடு செய்யவும் வேண்டும். உரிமையாளர் இருந்தால் அவருக்குச் சேரவேண்டிய விலை அவருக்கே. அந்த நிறுவனம் மூடிப்போய், உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்தத் தொகை ஏழைகளுக்குரியது. வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம்.