பழமை மருந்தாகுமா?

நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனிதனுக்குத் திடீரென வாய் கோணுகிறது, கை துவள்கிறது, நாக்குழறுகிறது. என்ன நேர்ந்தது? 'காற்று தாக்கிற்று' என்றனர் பண்டைச் சீனர். 'சோங்ஃபெங்' எனும் அவர்தம் சொல்லுக்குப் பொருள் அதுவே. நம்மவரோ பக்கவாதம் என்றனர், பாரிசவாயு என்றனர். வாதமும் வாயுவும் காற்றுதானே! மலையும் கடலும் பிரித்து வைத்த இரு மக்கள், காரணம் விளங்காத கொடுமைக்குக் கண்ணுக்குப் புலப்படாத காற்றையே பொறுப்பாக்கினர். இதிலே நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அன்று அவர்கள் அறிவுக்கு எட்டியது அவ்வளவே.

இன்று நமக்கு எட்டியிருப்பது அதிகம். பக்கவாதத்தின் பெரும்பகுதி, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் வருவது. பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன எனக் கணக்கிட்டுள்ளனர். இவ்வளவும் தெரிந்த பின்னரும், 'முன்னோர் தந்த மருந்து! அதைச் சோதிக்க நீ யார்?' என்று சீறுவோர் உளர். ஆகவே கேட்கிறோம்: முன்னோர்க்குச் செலுத்தவேண்டிய மரியாதை எது? அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதா? அவர் தேடியதைத் தொடர்ந்து தேடுவதா?

விடை சீனத்து வரலாற்றிலேயே கிடைக்கிறது. வாங் சிங்ரென் என்றொரு மருத்துவர், 1768-இல் பிறந்தவர். பழைய ஏடுகள் உடலின் உள்ளுறுப்புகளைப் பற்றிக் கூறுவது மெய்தானா என்ற ஐயம் அவரை அரித்தது. 1797-இல் லுவான்சோ வட்டாரத்தில் கொள்ளைநோய் குழந்தைகளை வாரிச் சென்றது. ஆழப் புதைக்கப்படாத அந்தச் சிறு உடல்களை நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு பிறர் விலகிய இடத்திற்கு, நாள்தோறும் காலையில் சென்றார் அவர், பத்து நாள் பார்த்தார், கண்டதை வரைந்தார். 1830-இல் வெளிவந்த தம் நூலுக்கு, மருத்துவக் காட்டின் பிழைகளைத் திருத்துதல் என்ற பொருள்படப் பெயரிட்டார். நினைவும் அறிவும் நெஞ்சில் இல்லை, மூளையில் உள்ளன என்று எழுதினார். பக்கவாதத்திற்கென ஏழு சரக்குகள் சேர்ந்த கஷாயம் ஒன்றையும் வகுத்தார். அது இன்றும் சீனத்தில் வழங்குகிறது.

அவர் பிழையே செய்யவில்லையா? செய்தார். தமனிகளில் காற்று ஓடுவதாக எண்ணினார். உயிர்ச்சக்தி பாதி குறைவதே பக்கவாதத்திற்குக் காரணம் என்றார். ஆயினும் அவர் பெருமை குன்றவில்லை. ஏன்? ஏட்டை நம்பாது கண்ணால் பார்க்கத் துணிந்தவர், தம் ஏட்டையும் அவ்வாறே சோதிக்கும் உரிமையைப் பின்வருவோர்க்கு அளித்துவிட்டார். அவருடைய கஷாயத்தைக் கேள்வி கேட்காமல் குடிப்பவன் அவருடைய மாணவன் ஆகான். கேள்வி கேட்பவனே மாணவன்!

'குடித்தால் என்ன கேடு? பலன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்' என்பர் சிலர். கேடு உண்டு தோழர்களே! அன்கொங் நியூஹுவாங் எனும் உருண்டையை உயிர்காக்கும் மருந்தென வீட்டிலே வாங்கி வைக்கும் சீனக் குடும்பங்கள் பல. அதன் மரபான செய்முறையில் பாதரசம் உள்ள சாதிலிங்கமும் ஆர்சனிக் உள்ள மனோசிலையும் சேர்கின்றன. விழுங்கும் ஆற்றலிழந்தவன் வாயில் அதைத் திணித்தால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அவனுக்கு நேர்ந்தது குழாய் அடைப்பா, குழாய் வெடிப்பா என்பதைப் படமெடுத்துப் பாராமல் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்கு வழக்கமான கெடுவோ நாலரை மணி நேரம். பலன் தருமா என்று உருண்டையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரம், ஒருவன் ஆயுள் முழுதும் பேசவும் நடக்கவும் வேண்டிய ஆற்றலைத் தின்றுவிடுகிறது.

அப்படியாயின் பச்சிலை அனைத்தும் பயனற்றவை என்று தள்ளிவிடலாமா? அதுவும் மூடநம்பிக்கையே! சோதியாமல் ஏற்பதும் சோதியாமல் இகழ்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

உரைகல் ஒன்று இருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கு. ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு மருந்துபோல் தோன்றும் வெற்று உருவும் கொடு. யாருக்கு எது என்பதை மருத்துவரும் அறியாமல் இருக்கட்டும். பிறகு எண்ணிப் பார்! சீன மரபில் வந்த நியூரோஎய்ட் எனும் மருந்தை ஆசிய நாடுகள் சிலவற்றில் ஏறத்தாழ 1,100 பேரிடம் இப்படிச் சோதித்தனர். 2013-இல் முடிவு வந்தது: மூன்று மாதம் கழித்து இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜின்கோ மர இலையிலிருந்து பிரித்தெடுத்த ஊசி மருந்தைச் சீனத்தில் ஏறத்தாழ 3,450 பேரிடம் சோதித்தனர். 2023-இல் வெளிவந்த முடிவு வேறு: 90 நாள் கழித்து நன்கு தேறியவர், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 50, பெறாதோரில் 44. ஒரு சோதனை இறுதித் தீர்ப்பாகாது. பிறரும் செய்து பார்த்தல் வேண்டும். ஆனால் ஒரு மருந்துக்கு 'இல்லை' என்றும் மற்றொன்றுக்கு 'உண்டு' என்றும் சொல்ல முடிந்தது எதனால்? கேட்டதனால்!

மேலைநாட்டு மாத்திரைக்குச் சலுகை உண்டா? இல்லை. ஆஸ்பிரினையும் 21,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தது அதே சீனம்தான். 1997-இல் தெரிந்தது, ஆயிரம் பேருக்கு 39 என்றிருந்த சாவு 33 ஆகக் குறைந்தது என்பது. சிறிய பலன், ஆனால் மெய்யான பலன். உரைகல்லுக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது.

இளைஞர்களே! மருந்தின் வயதைக் கேளாதீர்கள். அது பிறந்த நாட்டைக் கேளாதீர்கள். விற்பவன் குரலுக்கு மயங்காதீர்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தனர், எதனோடு ஒப்பிட்டனர், எத்தனை பேர் எழுந்து நடந்தனர் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது முன்னோரை அவமதிப்பது ஆகாது. சுடுகாட்டு நாற்றத்திலே நின்று உண்மையைத் தேடிய ஒருவருக்கு, நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அது ஒன்றே!