சான்றிதழ் பெற்ற புகை

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிபு தொழுகைக்குப் பின் நம்மைக் காண ஒரு சகோதரர் வந்தார். ஜவுளி வியாபாரி. ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். முழம் போடுவதிலும் மீதிச் சில்லறை கொடுப்பதிலும் பிசகாதவர் என்று கடைவீதியில் பெயரெடுத்தவர். உடன் அவருடைய மூத்த மகனும் வந்திருந்தார். தகப்பனாருக்கும் மகனுக்கும் இடையே ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல நாம்!

வழக்கு ஒரு காரைப் பற்றியது. மகன், ஒருவர் ஓட்டிய டீசல் காரை வாங்கியிருக்கிறார். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி செய்யப்பட்ட வண்டி. இத்தகைய டீசல் கார்களின் புகைப் பாதையில் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சற்று நேரம் விரைவாக ஓடினால் அந்தச் சூடு கிடைக்கும். வீட்டுக்கும் கடைக்கும், தங்கையை அழைத்து வர மதரஸாவுக்குமாக ஓடுகிற வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? வடிகட்டி அடைத்துக்கொண்டது.

புதிது மாற்றினால் லட்சத்தைத் தாண்டும் என்றாராம் பட்டறைக்காரர். அதைவிடச் சுலபமான வழியும் அவரே சொன்னார். வடிகட்டியின் உட்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டார். அது இல்லாததைக் கண்டு எச்சரிக்கை விளக்கு எரியாதபடி காரின் கம்ப்யூட்டரிலும் மாற்றம் செய்தார். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. பிறகு புகைச் சான்றிதழ் வாங்கப் போனார்கள். தேறிவிட்டது!

தகப்பனார், "இது ஏமாற்று" என்கிறார். மகன் அமைதியாகச் சொன்னார்: "ஹஜ்ரத், நான் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. வண்டி இல்லாமல் சான்றிதழ் வாங்கவும் இல்லை. சோதனைக் குழாயை வைத்துத்தான் பார்த்தார்கள். கருவி சரி என்று சொல்லிவிட்டது. அத்தா எதை ஏமாற்று என்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை."

உடனே நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. லஞ்சம் கொடுத்திருந்தால் நொடியில் சொல்லியிருப்போம். பொய்யான சான்றிதழ் எழுதி வாங்கியிருந்தால், பொய்ச் சாட்சியம் எத்தகைய பெரும் பாவம் என்பதை எடுத்துச் சொல்லியிருப்போம். இங்கே சோதனை நடந்திருக்கிறது. கருவியும் பொய் சொல்லவில்லை.

நண்பர்கள் சிலரிடம் விசாரித்தோம். டீசல் வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்கிறார்கள். வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று கருவி பார்க்கிறது. அவ்வளவுதான். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களை அது எண்ணுவதில்லை. நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை அளப்பதுமில்லை. வடிகட்டி பிடித்து வைத்திருந்ததில் பெரும்பகுதி அந்த நுண்துகள்தான். ஆக, கருவி கேட்ட கேள்விக்கு வண்டி சரியான பதிலைச் சொல்லியது. கேட்காத கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

இவ்விடத்தில், நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறது. மேலே காய்ந்திருந்த அந்தக் குவியலுக்குள் அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரியும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டவுடன் மழை என்று உண்மையைத்தான் சொன்னார். பார்ப்பவர் கண் எதுவரை போகும் என்பதை அறிந்து, அதற்கு அப்பால் ஈரத்தை வைத்ததுதான் அவர் செய்த பிழை.

இதையே பெரிய அளவில் செய்து உலகெங்கும் தலைகுனிந்தது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம். சோதனைச் சாலையில் வண்டி ஓடும். ஸ்டீயரிங் மட்டும் திரும்பாது. இது போன்ற அடையாளங்களால் "இப்போது சோதனை நடக்கிறது" என்று காரின் கம்ப்யூட்டரே கண்டுகொள்ளும். அந்த நேரம் மட்டும் புகையைச் சுத்தமாக விடும். சாலைக்கு வந்ததும் பழைய கதைதான். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் பார்த்தார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தது போலத்தான்! நைட்ரஜன் ஆக்ஸைடு அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை இருந்தது என்று 2015 செப்டம்பர் 18-இல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பகிரங்கமாக அறிவித்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்தத் தந்திரம் இருந்தது. 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழைய பெட்ரோல் வண்டிக்காரர்களைக் கேளுங்கள். சோதனைக்குப் போகுமுன் கார்புரேட்டர் திருகைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துக் கொள்வதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி திருப்பி விடுவதும் ஊரறிந்த செய்தி. கழற்றி வைத்த பழைய சைலன்சரை ஒரு நாளைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்று விதிக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றித் திருமறையின் அல்-அஃராஃப் அத்தியாயம் பேசுகிறது. அவர்கள் வெள்ளிக்கிழமை வலை விரித்து ஞாயிற்றுக்கிழமை அள்ளிக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சனிக்கிழமை அவர்கள் கையில் வலை இல்லைதான்!

"அது அல்லாஹ்வின் கட்டளை, இது வெறும் சர்க்கார் சட்டம்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. காற்று மாசு அளவை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்திற்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பொது நன்மைக்கான விதிக்கு உட்பட்டு ஓட்டுவோம் என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் நாம் சாலையில் இறங்குகிறோம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. ஆனால் வண்டியை மாற்றுவதே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கீகாரம் பெற்ற கருவியைப் பொருத்தி, பதிவுப் புத்தகத்திலும் எழுதி வாங்கிப் பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்றுகிறவரிடம் நமக்கு என்ன வழக்கு?

அபராதத்தைக் கட்டிவிடலாம். நம்மைக் கலங்க வைத்தது வேறொன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதி செய்திருக்கிறது. அப்படியானால் இது ஹக்குல் இபாத், அடியார்களுக்குரிய உரிமை. அல்லாஹ்வுக்கு நாம் செய்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியாரே பொறுத்துக்கொள்ள வேண்டும். தொழுகையும் நோன்பும் ஜகாத்துமாக மறுமைக்கு வந்தும், பிறருக்கு இழைத்த அநீதிக்காக நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே உண்மையில் ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். கடன் வாங்கியவனுக்கு யாரிடம் வாங்கினோம் என்று தெரியும். அடித்தவனுக்கும் யாரை அடித்தோம் என்று தெரியும். புகை விட்டவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

அன்றிரவு மகனிடம் நாம் இதைத்தான் சொன்னோம். "தேறியதா என்பது கருவியோடு முடிந்துவிட்டது, தம்பி. வடிகட்டியைக் குடைந்தது ஏன் என்று கேட்டால் என்ன பதில்? செலவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதானே? அந்தச் செலவு எங்கே போயிற்று?" அவர் பதில் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இதுவரை போனதற்கு என்ன செய்வது, ஹஜ்ரத்?"

உரியவர் யாரென்று தெரியாத பொருள் கையில் இருந்தால், அவர் பேரில் தர்மம் செய்துவிட வேண்டும் என்று சட்ட மேதைகள் சொல்லியிருக்கிறார்கள். பணத்துக்கு அது பொருந்தும். பிறர் மூச்சில் கலந்ததற்கு அது ஈடாகுமா என்று சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. தௌபாச் செய்யுங்கள், தர்மம் செய்யுங்கள், அந்த மக்களுக்காகத் துஆச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துத் தகப்பனார் மட்டும் வந்தார். புது வடிகட்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதாம். பாதிப் பணம் தருகிறேன் என்று இவர் சொன்னதற்கு மகன் சம்மதிக்கவில்லையாம். அதுவரை வண்டி வீட்டில் நிற்கிறது. தங்கையை நடந்து போய் அழைத்து வருகிறார். எட்டு மாதம் தினமும் அஸருக்குப் பின் அந்த வண்டி எஞ்சினை நிறுத்தாமல் மதரஸா வாசலில் நின்றிருக்கிறது. மகன் உஸ்தாதிடம் போய்ப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டிருக்கிறார். எதற்கு என்று உஸ்தாத் விசாரித்தாராம். விவரம் சொல்ல நா எழாமல், பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டாராம்.