ஐம்பது பேருக்கான சோறு

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்கள்தான் முழுதாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சிற்பங்களைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் மனைவியர் கற்றளி, வரகுணை பெயர்களாலும் கோயில் எடுத்ததை அது சொல்கிறது. மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றைக் கொடுத்ததையும், துறவிகள் 50 பேர் உண்ண 11 ஊர்களை விட்டதையும் அதே கல்வெட்டு சொல்கிறது.

காளாமுகர் யார்? அவர்கள் எழுதியது எதுவும் நம் கைக்கு வரவில்லை. மண்டையோட்டில் உண்பவர்கள், பிணச்சாம்பல் பூசுபவர்கள் என்று எழுதி வைத்தவர்கள் எதிர்த்தரப்பு ஆசாரியர்கள். கர்நாடகத்துப் பள்ளிகாவியில் உள்ள 1162ஆம் ஆண்டுக் கல்வெட்டோ வேறொன்றைக் காட்டுகிறது: அவர்களுடைய கோடிய மடத்தில் வேதமும் இலக்கணமும் படித்தார்கள், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள், ஆதரவற்றவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஊரோடு ஒத்து வாழாதவர்களைப் பற்றி ஊர் சொல்வதையே சாட்சியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கொடும்பாளூருக்கு இன்னொரு கதையும் உண்டு. அடியார்களுக்கு அமுது படைத்து வந்த ஒருவர், கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோக, நள்ளிரவில் அரண்மனை நெற்கூட்டில் கைவைத்துக் காவலரிடம் சிக்கினார். விசாரித்த மன்னர் இடங்கழியார் அவரை விடுவித்ததோடு நிற்கவில்லை. அடியார்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று களஞ்சியத்தையே திறந்துவிட்டார். பெரியபுராணம் அவரை நாயன்மார் வரிசையில் வைத்துப் பாடுகிறது.

இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது மனம் நிறைகிறது, கூடவே நெருடுகிறது. மல்லிகார்ச்சுனருக்குக் குரு இருந்தார், மரபு இருந்தது. நெல் திருடியவருக்கு அடியார் என்ற அடையாளம் இருந்தது. எந்த அடையாளமும் இல்லாமல் விலகிப் போனவருக்கு யார் களஞ்சியத்தைத் திறந்தார்கள்? இன்றும் காவி கட்டியவர் திண்ணையில் உட்கார்ந்தால் இலை போடுகிறோம். கிழிந்த சட்டையோடு பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவரிடம், "கை கால் நல்லாத்தானே இருக்கு, வேலைக்குப் போனா என்ன?" என்கிறோம். அவரும் ஏதோ ஒன்றை உதறிவிட்டு வந்தவராக இருக்கலாம். உதறியது மனதாரவா, வேறு வழியின்றியா என்று வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. 1945இல் சென்னை மாகாணம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அங்கே நடப்பிலிருந்த இதே வகைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை ரத்து செய்தபோது, உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

விலகி வாழ்கிறவர் எல்லாரும் ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. ஞானியா என்று பார்த்துச் சோறு போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த 50 பேரின் இலையில் விழுந்த சோறு 11 ஊர்களில் விளைந்தது. அங்கே நாற்று நட்டவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால், மடத்துத் துறவிக்கு முன்னால், பசியோடு வரப்பில் நின்ற பெயரில்லாத வழிப்போக்கனுக்கு அவர்கள் ஒரு கை அள்ளி வைத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.