ஒரே பலகையில் இருந்தவர்கள்

நெடும் பயணம் மனிதரைச் சமமாக்கிவிடும் என்று சொல்வதுண்டு. மூன்றாம் வகுப்புப் பலகையில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் கிடையாது. ஒருவர் அவிழ்த்த கட்டுச்சோறு நால்வருக்குப் போகிறது. நடுச்சாமத்தில் முன்பின் அறியாதவர் தோளில் தலை சாய்கிறது. இந்தச் சமத்துவம் எவ்வளவு தூரம் உண்மை? நம் மூத்தோர் சென்ற வழியையே எடுத்துப் பார்ப்போமே.

விமானம் ஏறி வேளாங்கண்ணிக்குப் போவது நேற்று வந்த பழக்கம். முன்பு தன்னாமுனையிலிருந்தோ தாண்டவன்வெளியிலிருந்தோ புறப்பட்ட குடும்பம் மட்டக்களப்பில் கோச்சி ஏறும். படுவான்கரையிலிருந்து வருவோர் முதலில் தோணியில் வாவியைக் கடக்க வேண்டும். மாகோ சந்தியில் இறங்கி, மூட்டைகளின்மேல் பிள்ளைகளை உறங்கவிட்டு வடபகுதி வண்டிக்குக் காத்திருப்பார்கள். பிறகு மதவாச்சி, தலைமன்னார், கப்பல். அக்கரையில் மறுபடி ரயில், பஸ். 1914-இல் தொடங்கிய இந்தக் கப்பல் வழி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1984-இல் போர்ச் சூழலில் நின்றுபோயிற்று.

அதே தண்டவாளத்தில் வேறொரு கூட்டமும் பயணம் செய்தது. 1948-இன் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. ஹட்டனிலும் பதுளையிலும் வண்டி நகரும்போது ஸ்டேஷனே ஒப்பாரி வைத்தது. அவர்கள் பொல்காவலையில் வடக்கே திரும்பி மாகோ வழியாகத்தான் தலைமன்னாருக்குப் போக வேண்டும். ஆக, மாகோவிலிருந்து யாத்திரீகருக்கும் அவர்களுக்கும் ஒரே வழி, ஒரே கப்பல். ஒருவர் கையில் திரும்பிவரும் டிக்கட் இருந்தது. மற்றவர் கையில் இல்லை. இருவரும் தோளோடு தோள் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சமத்துவம் என்று எப்படிச் சொல்வது?

யாத்திரீகர் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தை அவர் எழுதவில்லை, நியாயமான கேள்விதான். தேவைக்கு மிஞ்சியதை இல்லாதவனுக்குக் கொடுப்பது தயவல்ல, கடமை என்பது புனித தோமா அக்குவினாஸின் போதனை. ஆனால் திரும்பும் டிக்கட்டை ரொட்டியைப்போல் பிட்டுக் கொடுக்க முடியாதே! கொடுக்கக்கூடியது ஒரு பொட்டலம் சோறு, குழந்தைக்கு ஒரு வாய் தண்ணீர். கொடுத்துமிருப்பார்கள், நம்மவர் கை சுருங்கியவர்களல்லர். எனினும் வழியில் காட்டும் இரக்கம் மலிவானது. கப்பலைவிட்டு இறங்கியதும் கணக்குத் தீர்ந்துவிடும்.

நல்ல சமாரியன் கதையில் எண்ணெய் வார்த்ததையும் காயம் கட்டியதையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். சத்திரக்காரனிடம் அவன் சொன்னதை மறந்துவிடுகிறோம்: மேற்கொண்டு செலவானால், திரும்பி வருகையில் தருவதாக ஒப்புக்கொண்டான். அடிபட்டவனுக்கு இல்லாமல் அவனுக்கு மிஞ்சியிருந்தது பணம் மாத்திரமல்ல. அந்த வழியே மறுபடி வரக்கூடிய நிலைமை. அதையே அவன் பிணையாக வைத்தான். திரும்பி வருகிறவனுக்குரிய கடன் இதுதான் என்பது என் எண்ணம். பக்கத்திலிருந்தவர் யார், எங்கிருந்து அனுப்பப்பட்டார் என்று கேட்டறிவதும், கண்டதை ஊரில் வந்து சொல்வதும், அடுத்த முறை போகும்போது தேடிப் பார்ப்பதும் அந்தக் கடனில் சேரும்.

தலைமன்னார்ப் பாதை 2015-இல் திரும்பவும் போடப்பட்டது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் 2023-இல் கப்பல் விட்டார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி பஸ்ஸில் சிறு தூரம். நேர்த்தியை முடித்துக்கொண்டு ஊட்டி பார்க்கப் போகிற குடும்பங்களும் உண்டு. போகிற வழியில் குன்னூர் இருக்கிறது. சற்று விலகினால் கோத்தகிரி. தாயகம் திரும்பியோர் என்று அரசு பெயரிட்ட இம்மக்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இல் தமிழ்நாட்டு அரசு அம்மலைகளில் தேயிலை போட்டது. இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்களை அங்குள்ளோர் சிலோன்காரர் என்கிறார்கள். ஹட்டனா, பதுளையா, மஸ்கெலியாவா என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே இன்னும் ஆளிருக்கிறது.