கேட்பது இரத்தல் ஆகுமா?



படைச்சேவையில் கால் இழந்தோ, செவிப்புலன் குன்றியோ, மனம் கலங்கியோ வீடு திரும்பிய ஒருவர், அரசாங்கம் தமக்கு வழங்கும் ஊனக் கொடுப்பனவு போதாது, அதைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்கின்றார். அவர் கேட்பது முறையா? அவருக்காகப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், வைத்தியரிடம் கூட்டிச் செல்வதும், மேன்முறையீடு எழுத உதவுவதும் தர்மமா? அல்லது பொதுப்பணத்துக்கு ஆசைப்படும் ஒருவருக்குத் துணைபோவதா? இந்தக் கேள்வியைச் சற்று ஆறுதலாக ஆராய்வோம்.

எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ற் ஆன் டு பெல்வியூவில், 1917ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முன்னாள் படையினர் வைத்தியசாலை இருக்கின்றது. மத்திய அரசாங்கத்தின் கையில் கடைசியாக எஞ்சியிருந்த அத்தகைய வைத்தியசாலை அதுவே. 2016 ஏப்ரலில் கியூபெக் மாகாணத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே படுத்திருப்போர் எமது அயலவர்கள். எமது பிள்ளைகளிடையேயும் கனடியப் படையில் சேர எண்ணுவோர் உண்டு. தமிழகத்திலிருந்து பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த தாத்தாமாரில் இந்தியப் படையில் கடமையாற்றியவர்களும் இருக்கலாம். எனவே இது வேற்றார் வீட்டுப் பிரச்சினை அன்று.

முதலில் வெட்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையேந்துவதை எமது சமுதாயம் மிகத் தாழ்வாகக் கருதி வந்திருக்கிறது. வள்ளுவரே 'இரவு', 'இரவச்சம்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை (106, 107) இதற்கென ஒதுக்கியிருக்கின்றார். அந்த உணர்வு எமது இரத்தத்தில் ஊறியது, அது நல்லதே. ஆனால் கடன் கொடுத்தவர் தமது பணத்தைத் திருப்பிக் கேட்டால் அவரை இரப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே கேட்பவரின் கை எந்த நிலையில் இருக்கிறது என்பதல்ல, கொடுக்க வேண்டியவர் எதற்காகக் கொடுக்கின்றார் என்பதே பார்க்க வேண்டியது. பழந்தமிழ் நாட்டில் ஊருக்காகப் போரிட்டு இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கம் இருந்தது. கல்வெட்டுகள் அதனை 'உதிரப்பட்டி' என்று குறிக்கின்றன. உதிரம் சிந்தியதற்கான நிலம் அது. பிச்சை என்று அதற்குப் பெயரில்லை.

ஆனால் ஓர் அரசாங்கம் இதைக் கடன் என்று ஒப்புக்கொள்கின்றதா? இங்கேதான் விடயம் சிக்கலாகின்றது. முதலாம் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு விமிச் சமருக்கு முன்னர், அன்றைய பிரதமர் ரொபேர்ட் போர்டன் கனடியப் படையினருக்கு வாக்குறுதி அளித்தார். திரும்பி வருவோரை நாடு கைவிடாது என்பதே அதன் சாரம். 1919இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. காயம்பட்டோருக்கு வாழ்நாள் முழுவதும் மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்தது. 2006 ஏப்ரலில் அம்முறை மாற்றப்பட்டு, புதிதாக விண்ணப்பிப்போருக்கு ஒரே தடவையில் ஒரு தொகை வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் உச்சம் 250,000 டொலர். ஆப்கானிஸ்தானிலிருந்து உடல் சிதைந்து வந்த இளைஞர் சிலர், முன்னையவருக்குக் கிடைத்ததை விட இது குறைவு என்றும், நாட்டுக்கும் படையினருக்கும் இடையிலான உடன்பாடு மீறப்பட்டது என்றும் வழக்குத் தொடுத்தனர். 2017 டிசம்பரில் பிரிட்டிஷ் கொலம்பிய மேன்முறையீட்டு நீதிமன்றம், போர்டனின் பேச்சுச் சட்டமாகாது என்று வழக்கைத் தள்ளியது. 2018இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அதைக் கேட்க மறுத்தது. எனினும் 2019 ஏப்ரலில் வாழ்நாள் மாதாந்தக் கொடுப்பனவைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு மீண்டும் வந்தது.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? நீதிமன்றம் கட்டாயப்படுத்தாத கடனும் கடனே. வாக்குக் கொடுத்தவர் மறந்தாலும், நினைவூட்டுவோர் இருக்கும் வரை அது அழிவதில்லை. ஆகவே நினைவூட்டுவது ஒரு சேவை.

அடுத்தது, 'கூட்டிக் கேட்பது' பற்றியது. ஒரு தரம் கொடுத்தாயிற்று, மீண்டும் ஏன் என்று சிலர் முகம் சுளிப்பர். காயம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இருபத்தைந்து வயதில் சமாளித்த முழங்கால், அறுபதில் படியேற விடுவதில்லை. பீரங்கிச் சத்தத்தால் மந்தமான காது, பின்னாளில் பேரப்பிள்ளையின் பேச்சையும் மறைக்கிறது. இளமையில் அடக்கி வைத்த பயங்கர நினைவு, ஓய்வுபெற்று வீட்டில் தனித்திருக்கும்போது தலைதூக்குகிறது. அரசாங்கம் ஊனத்தை நூற்றுக்கு இத்தனை வீதம் என்று அட்டவணையிட்டு அளக்கின்றது. அந்த அளவு அன்றைய உடலுக்கானது. உடல் மாறினால் அளவும் மாறவேண்டும். மறுமதிப்பீடு கேட்பவர் பழைய கணக்கைத் திருத்தவே கேட்கின்றார்; அதைப் பேராசை என்பது தகாது.

இங்கே உதவுபவரின் பங்கு வருகின்றது. கனடியச் சட்டம் விண்ணப்பதாரருக்குப் பெரிதும் இரங்குகின்றது. 1995ஆம் ஆண்டின் முன்னாள் படையினர் மீளாய்வு, மேன்முறையீட்டுச் சபைச் சட்டம், சான்றுகளை எடைபோடும்போது சந்தேகம் எழுந்தால் அதை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் தீர்க்கும்படி பணிக்கின்றது. அத்துடன், திணைக்களத்தின் முடிவை எதிர்த்து வாதாட, அதே திணைக்களம் சம்பளம் கொடுக்கும் சட்டத்தரணிகள் இலவசமாகக் கிடைக்கின்றனர். கனடிய லீஜனின் சேவை அலுவலர்களும் தமது அங்கத்தவரல்லாதோருக்கும் கட்டணமின்றி உதவுகின்றனர். இந்தியாவிலும் 2013ஆம் ஆண்டு தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதிருந்தால் அவர் நலமாயிருந்தார் என்றே கொள்ளவேண்டும், மறுப்பதானால் நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது என்று தீர்த்தது.

இத்தனை இருந்தும் பலர் கேட்பதில்லை. வைத்தியர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால், "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார்கள். அது மானமுள்ளவரின் பதில். ஆனால் கோப்பில் அது "குறை எதுவும் இல்லை" என்றே பதிவாகும். பக்கத்தில் இருக்கும் மனைவியோ, மகளோ, நண்பரோ "இரவில் நித்திரை இல்லை, சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிய முடியாது" என்று எடுத்துச் சொன்னால்தான் உண்மை முழுதாகப் பதியும்.

ஒருவர் கேட்பது அவருக்கு மட்டும் பயன்படுவதுமன்று. டெனிஸ் மானூஜ் என்ற முன்னாள் படைவீரருக்கு மாதம் ஏறத்தாழ 386 டொலர் ஊன ஓய்வூதியம் கிடைத்தது. அதே தொகையை அவரது நீண்டகால ஊனக் காப்புறுதியிலிருந்து கழித்துவிட்டார்கள். அவர் வழக்காடினார். 2012இல் மத்திய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2013இல் சுமார் 888 மில்லியன் டொலர் இணக்கத்துடன் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பயன்பெற்றன. அவர் வாய்மூடி இருந்திருந்தால் அதை அடக்கம் என்று புகழ்ந்திருக்கலாம், நட்டம் மற்றவர்களுக்கு.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பொய் சொல்லிப் பெறுவோர் இல்லையா? இருக்கலாம். உண்மையைச் சொல்ல உதவுவது வேறு, இல்லாததைச் சொல்லப் பழக்குவது வேறு. இல்லாத வலியை எழுதுவித்தவர், அடுத்து வரும் உண்மையான நோயாளியின் சொல்லையும் சந்தேகத்துக்குள் தள்ளுகின்றார். இந்தியாவில் 2023 செப்டம்பரில் ஊன ஓய்வூதிய விதிகள் மாற்றப்பட்டபோது, அவை உரிமையை இறுக்குகின்றன என்று முன்னாள் படையினர் பலர் வருந்தினர். துர்ப்பிரயோகம் என்ற பேச்சு எழுந்தால் அதன் சுமை நேர்மையானவர் மீதும் விழும். ஆகவே உதவுபவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் உதவிக்குப் பங்கு கேட்கவும் கூடாது.

நாட்டின் பணப்பெட்டி பெரிதல்லவே என்பதும் ஒரு வாதம். 2018இல் எட்மன்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் அன்றைய பிரதமர் ட்ரூடோ, கொடுக்கக்கூடியதை விட அதிகமாகச் சிலர் கேட்கின்றனர் என்ற கருத்தில் பேசியது பெரும் மனத்தாங்கலை உண்டாக்கியது. பணம் மட்டுப்பட்டது என்பது உண்மையே. ஆனால் செலவுக் கணக்கைப் படையை அனுப்புமுன் பார்க்க வேண்டும். உணவகக் குசினியில் கை வெந்த தொழிலாளிக்குக் கியூபெக்கில் நட்டஈடு உண்டு. வேலைக்கு அனுப்பியவர் பொறுப்பு என்பதே அதன் தத்துவம். எமது ஆட்கள் பலர் முதலாளிக்குப் பயந்து அதையும் கேட்பதில்லை. படைவீரருக்குச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

இறுதியாக, எமது நெஞ்சில் நிற்கும் மிகக் கடினமான தடை. இராணுவம் என்ற சொல்லே பதற வைக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. எறிகணைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய்ப் படைவீரருக்கு உதவு என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அவர் மறுத்தால் அதில் குற்றமில்லை. மற்றவர்கள் ஒன்றைச் சிந்திக்கலாம். 2016 நவம்பரில் கொழும்பில் ஊனமுற்ற படையினரே ஓய்வூதியம் கேட்டு வீதியில் நின்றனர். அவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. வன்னியில் கையும் காலும் இழந்த எமது பிள்ளைகளுக்கோ கேட்பதற்கு ஓய்வூதியமே இல்லை. எந்தப் பக்கம் நின்றவர் என்று பார்த்த பின்னரே காயத்தைப் பார்ப்போம் என்ற அளவுகோலால்தான் அவர்கள் புறக்கணிக்கப்பட்டனர். அதே அளவுகோலை நாம் கையில் எடுத்தால், அவர்களுக்காக வாதாடும் தகுதியை இழந்துவிடுவோம். ஒருவரின் ஊனத்துக்கு உதவுவது போரை நியாயப்படுத்துவதாகாது. போர்க்குற்றத்துக்குக் கேட்கவேண்டிய கணக்கும் அதனால் தீர்ந்துவிடாது.

எமது சங்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதத் தெரிந்த இளையோர் நிறைய. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு முதியவருடன் இருந்து, அவரது கடிதத்தை வாசித்து, மேன்முறையீட்டுத் தவணை என்றைக்கு என்று குறித்துக் கொடுத்தாலே போதும். பசித்தவருக்கு அன்னம் பரிமாறுவது போலவே, பேசத் தயங்குபவருக்குச் சொல் எடுத்துக் கொடுப்பதும் தொண்டுதான்.