குழந்தையின் புலனுலகும் பெற்றோரின் கடமையும்

குழந்தையை நேசிப்பது பெற்றோருக்கு இயல்பு. அதனை அறிந்துகொள்வது அவர்தம் அறம். இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படுவதாலேயே, அன்பிற்குக் குறைவில்லாத இல்லங்களிலும் சில குழந்தைகள் துன்புறுகின்றன.

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது கட்டுகஸ்தோட்டை. மாத்தளைக்கும் குருநாகலுக்கும் செல்லும் வீதிகள் பிரியும் அவ்வூரில் பேருந்துகளின் இரைச்சல் ஓய்வதில்லை. ஊராருக்கு அது பழகிய ஒலி. தாயின் கைபற்றி அங்கு வரும் மூன்று வயதுக் குழந்தையொன்று காதுகளைப் பொத்திக்கொண்டு நிலத்தில் வீழ்ந்து அலறுகின்றது எனக் கொள்க. அதே குழந்தை புதுச்சட்டையின் கழுத்துப்பட்டியைத் தாங்காது கழற்றி எறிகின்றது; குழைந்த சோற்றை வாயில் வைக்க மறுக்கின்றது; பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை; ஆயின், சுழலும் சில்லொன்றை நெடுநேரம் பார்த்திருக்கின்றது. சூழ நிற்போர் இரு தீர்ப்புகளை வழங்குவர். ஒன்று, குழந்தைக்கு அடம். மற்றது, தாய் வளர்த்த முறை பிழை.

இத்தீர்ப்புகள் சந்தியில் மட்டும் பிறந்தவையல்ல. இன்று ஓட்டிசம் எனப்படும் நிலையை 1943இல் விவரித்த அமெரிக்க மருத்துவர் லியோ கனர், தாம் ஆராய்ந்த 11 குழந்தைகளிடையே பேரொலிக்கு அஞ்சுதலையும் மாற்றத்தைச் சகியாமையையும் கண்டார். அந்நிலை பிறவியோடு வருவதெனக் கருதிய அவரே, பெற்றோர் பலரிடம் கனிவு குறைந்திருந்ததாகவும் எழுதினார். புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலிலோ பெற்றோரின், சிறப்பாகத் தாயின், மனப்பாங்கே காரணமாகக் காட்டப்பட்டது. தாய்மார் பலர் செய்யாத குற்றத்தைச் சுமந்தனர். காரணம் உடலியல் சார்ந்ததென 1964இலேயே வாதிட்ட பேர்னாட் ரிம்லாண்ட் உளவியலாளர். அத்தகைய மகனொருவனின் தந்தையும் ஆவார். வீட்டில் அன்றாடம் கண்டதை ஏட்டிலிருந்த கொள்கைக்காக அவர் மறுக்கவில்லை.

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. அங்கு தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் ஆகியன 'அறிவு' என்றே எண்ணப்படுகின்றன. புலன் வேறுபடின் அறியப்படும் உலகும் வேறுபடும் என்பது இதனாற் பெறப்படும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலும் புலனுணர்வு வேறுபாட்டை ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. புலன் வேறுபட்ட குழந்தைகள் யாவரும் ஓட்டிசம் உடையோர் அல்லர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எவ்வாறாயினும், சந்தியில் அலறும் குழந்தை தன் வலியையே தெரிவிக்கின்றது. வலியைக் குற்றமாக எண்ணித் தண்டிப்பது அநீதியாகும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என வினவி, புரிந்துகொள்ளல் என்பது இடங்கொடுத்தலே என்பாரும் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பேச்சுப் பயிற்சியும் பிற சிகிச்சைகளும் காலந்தாழ்த்தாது தொடங்கப்படல் வேண்டும். 'வளர்ந்தாற் சரியாகிவிடும்' என ஐயத்தை மறைத்து வைப்பது அன்பாகாது. ஆயினும், வளைக்க முற்படுவோர் கையிலிருப்பது மூங்கிலா, கருங்காலியா என முதலில் அறிதல் வேண்டும். நெரிசலற்ற வேளையில் சந்தியைக் கடப்பதும், பழகிய மென்றுணியை உடுத்துவதும், செல்லுமிடத்தை முன்னரே படத்திற் காட்டுவதும் கற்பித்தலுக்கு வழிதிறப்பனவேயன்றிச் செல்லங்கொடுத்தல் ஆகா.

கண்டிப் பெரஹராவின் கசையொலியும் மேளமும் ஊருக்குத் திருவிழா; அக்குழந்தைக்கு அவை அடியாக விழலாம். அவ்விரவில் தாயை விழாவிற்கு அனுப்பிவிட்டுக் குழந்தையுடன் வீட்டில் தங்கும் தந்தை தம் கடமையைச் செய்தவராவார். இச்சுமை தாயொருத்திக்கே உரியதென எந்த அறநூலும் விதிக்க முடியாது.

தன் செவியே எல்லோர் செவிக்கும் அளவுகோல் என்னும் எண்ணத்தைக் கைவிடுவது எவருக்கும் எளிதன்று. பெற்ற பிள்ளையிடத்து அது மேலும் கடினம். தன்னைப்போலவே பிள்ளை இருக்கும் என்னும் நம்பிக்கை அத்துணை ஆழமானது. எனினும், பேச்சு வாராத குழந்தைக்குத் தன் வலியை எடுத்துரைக்க வேறு சாட்சி இல்லை. அச்சாட்சியாக நிற்க வேண்டிய பெற்றோரே நீதிபதியாகிவிடின், அக்குழந்தை தன் வழக்கை எங்கு சென்று உரைக்கும்?