யாருடைய வினை?
கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், ஞானசம்பந்தரின் அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியது. அப்போது அவர் பாடிய பதிகத்தின் தொடக்கம் என்னைப் பிடித்து உலுக்கியது. அந்த வினைக்குத்தான் இந்தத் துன்பம் என்று சொல்லிக்கொண்டு, தப்பும் வழி தேடாமலிருப்பது குறையல்லவா என்று கேட்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக் கைகட்டி நிற்பதைத்தான் மறுக்கிறார்.

திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் வலிப்பு நோயால் நினைவிழந்து கிடந்தபோதும் அவள் செய்த பாவம் என்ன என்று அவர் விசாரிக்கவில்லை. இவளை வாட வைப்பதுதான் இவருக்குப் பெருமையா என்று பாட்டுக்குப் பாட்டு சிவனைப் பற்றியே கேட்டார்.

என் மகளுக்கு டிராவெட் என்னும் வலிப்பு நோய். உடம்பு சூடானாலே வலிப்பு வரும். நாங்களோ அக்னித் தலமான திருவண்ணாமலையில் குடியிருக்கிறோம். சித்திரை வெயிலில் ஈரத்துண்டும் கையுமாக இருப்பேன். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பெற்றோர் வழி வருவதில்லை, புதிதாக நேர்வது. எங்கள் இருவரிடமும் இல்லை. தெருவில் அதைச் சொன்னால், "அப்போ போன ஜென்மம்" என்பார்கள். எந்தப் பரிசோதனையும் அதற்குப் பதில் சொல்லாது, சொல்லவும் வேண்டாம். துடிக்கும் பிள்ளையின் எதிரே வினைக்கணக்கு பார்க்க யாருக்கு உரிமை?

மருந்துகள் கேட்கவில்லை. இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வைத்தார்கள். அதன் கம்பி கழுத்தின் வேகஸ் நரம்பைச் சுற்றியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது விநாடி மெல்லிய மின்துடிப்பு. 1988-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய முறை இது. வலிப்பு அடியோடு நிற்பது அரிது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகவாவது குறைகிறது. எங்களுக்குக் குறைந்திருக்கிறது. கருவி ஓடும்போது "அரோகரா" சொன்னால் அவள் குரல் கரகரக்கும்.

வலிப்பு தொடங்கினால் காந்தத்தை நெஞ்சின் மேல் ஒருமுறை வீச வேண்டும். கூடுதல் துடிப்பு போகும். கிரிவலப் பாதையில் ஒருமுறை நான் அதைத் தேடுவதற்குள் நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கையில் இரும்பைத் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

என் மாமியார் இன்றும் வினை என்றுதான் சொல்கிறார். ஆனால் அவர் சுருக்குப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு இன்னொரு காந்தமும் இருக்கிறது. பேத்தியின் பார்வை நிலைகுத்தினால் முதலில் எடுப்பது அதைத்தான்.